ஓதக் கணக்கில் கூடிய சந்தை



தாய்லாந்தில் பரப்பளவில் மிகச் சிறிய மாகாணம் சமுத் சோங்கிராம். மேக்லோங் ஆறு அங்கேதான் கடலில் கலக்கிறது. அந்த மாகாணத்தின் அம்பவா வட்டத்தில் தா கா என்று ஓர் ஊர். அங்கே தொன்றுதொட்டு ஒரு மிதக்கும் சந்தை கூடுகிறது. என்றைக்குக் கூடும் என்று ஊராரைக் கேட்டால் முன்பெல்லாம் கிழமையைச் சொல்ல மாட்டார்கள். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் இரண்டாம் நாள், ஏழாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்பார்கள். நம் வழக்கில் துவிதியை, சப்தமி, துவாதசி. மாதத்துக்கு ஆறு சந்தை. விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் கலைந்துவிடும். பக்கத்தில் பாங் நோய் என்ற இன்னொரு கால்வாய்ச் சந்தை. அதற்கு அந்நாளில் மூன்று, எட்டு, பதின்மூன்று.

நான் இன்று பேச விரும்புவது இந்த நாட்கணக்கைப் பற்றித்தான். மிதக்கும் சந்தை என்றதும் படகு, பனையோலைத் தொப்பி, குவித்து வைத்த மாம்பழம் என்று கண்ணுக்கு அழகான ஒரு காட்சி நம் மனத்தில் எழுகிறது. அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு காலக்கணக்கு இருந்தது. அதை முதலில் சந்திரன் வகுத்தது, பிறகு நெடுஞ்சாலை, இப்போது வாரவிடுமுறை. சந்தையின் வரலாறு என்று நான் புரிந்துகொண்டது இந்தக் கைமாற்றத்தைத்தான்.

நாட்கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கழிமுகத்தில் கடல் ஓதம் ஆற்றுக்குள்ளும் கால்வாய்க்குள்ளும் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நீர் வற்றிய வேளையில் சிறு வாய்க்கால்களில் வெறும் சேறுதான். தோட்டத்துப் படகு அப்போது வெளியே வர முடியாது. ஓதம் ஏறும்போது புறப்பட்டால் துடுப்புக்குப் பாதி வேலை மிச்சம். திரும்பும்போதும் அப்படித்தான். ஆகவே பிறையின் நாளைச் சொன்னாலே போதும். எந்த வாய்க்காலில் இருக்கும் படகுக்காரிக்கும், தன் வீட்டுப் படித்துறையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரே எண்ணில் தேதியும் நேரமும் அடங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் அந்தச் செய்தி அவளுக்குக் கிடைக்காது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஐந்து நாளுக்கு ஒருமுறை ஓர் ஊர், மறுநாள் பக்கத்து ஊர் என்று முறைவைத்துச் சந்தை கூடுவது சீனக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு. தாய்லாந்துச் சீனர்களைப் பற்றி 1957-இல் முதன்மையான நூலொன்றை எழுதிய மானிடவியலாளர் வில்லியம் ஸ்கின்னர், பின்னாளில் சீனச் சந்தை முறைகளை ஆராய்ந்தபோது இத்தகைய நாள்வரிசைகளை விரிவாக எடுத்துக்காட்டினார். மேக்லோங் கரையில் குடியேறிய தியோச்சு மொழிச் சீனர்களின் வழக்கமும் அவ்வூர் மக்களின் ஓத அறிவும் கலந்து உருவானதே இந்த 2, 7, 12 கணக்கு என்பது என் ஊகம். தா காவில் விற்காமல் மிஞ்சிய தேங்காயை மறுநாள் பாங் நோயில் விற்கலாம் அல்லவா?

விற்பதற்கு என்ன இருந்தது? சமுத் சோங்கிராமை ‘மூன்று நீர் நகரம்’ என்று அழைப்பார்கள். கடலோரம் உப்புநீர், நடுவே உவர்நீர், மேலே நன்னீர். உப்புநீர்ப் பகுதியில் உப்பளம், கானாங்கெளுத்தி மீன், இறால் விழுது. உவர்நீர்ப் பகுதியில் தென்னை. நன்னீர்ப் பகுதியில் பப்ளிமாசு, லிச்சி, காய்கறி. அதற்கும் மேலே ராட்சபுரிப் பக்கம் வெங்காயம், மிளகாய், நெல். ஒரு பகலில் துடுப்புப் போட்டுக் கடக்கக்கூடிய தூரத்துக்குள் இத்தனை வேறுபாடு! மேல்நீர்க்காரியிடம் இல்லாதது கீழ்நீர்க்காரியிடம் இருந்தது. பணம் புழங்காத காலத்தில் அரிசியும் மிளகாயும் கொடுத்துத் தேங்காயும் வெல்லமும் வாங்கிப் போனார்கள். இரு திசைப் படகுகளும் சந்திக்கும் இடம் கால்வாய் முனையாகத்தானே இருக்க முடியும்? சந்தைகள் அங்கேயே கூடின.

தோட்டங்களின் அமைப்பையும் சொல்ல வேண்டும். தாழ்ந்த களிமண் நிலத்தில் இணையிணையாக அகழி வெட்டி, வெட்டிய மண்ணை இடையே மேடாகக் குவித்து, அந்த மேட்டில் மரம் வைப்பார்கள். அகழியில் ஓதநீர் வந்து போகும். ஆண்டுதோறும் அகழியின் சேற்றை வாரி மேட்டில் அப்புவார்கள்; உரமும் ஆயிற்று, தூர் வாரியதும் ஆயிற்று. அகழி சிறு வாய்க்காலில் சேரும், வாய்க்கால் கால்வாயில், கால்வாய் ஆற்றில். மரத்தடியில் பறித்த காய் படகிலேறிச் சந்தைக்குப் போகும்வரை தரையில் ஒரு கூடைகூடத் தூக்க வேண்டியதில்லை.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1767-இல் பர்மியப் படையால் அழிந்த பழைய தலைநகர் அயூத்தயா, மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு நகரம். அதன் கடைசிக் காலத்தை விவரிக்கும் தாய்லாந்து மொழி ஆவணம் ஒன்று நகரைச் சுற்றிலும் நான்கு பெரிய நீர்ச் சந்தைகளைக் குறிப்பிடுகிறது. அவற்றில் ஒன்று பாங் கச்சா என்ற இடத்தில், ஆறுகள் கூடிச் சுழிக்கும் முனையில் இருந்தது. அங்கே வணிகம் செய்தவர் யார் என்பதுதான் என்னை ஈர்த்த கேள்வி. 1687-இல் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் தூதராக வந்த சிமோன் தெ லா லூபேர், ஆண்டில் ஆறு மாதம் ஆண்கள் அரசனுக்கு ஊழியம் செய்யப் போய்விட, உழுவது முதல் விற்பது வரை பெண்களே செய்தார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். கட்டாய ஊழியம் ஆணுக்கு மட்டுமே. ஆகவே குடும்பத்தின் வரவுசெலவு பெண்ணின் கையில் நின்றது. மிதக்கும் சந்தையில் இன்றும் துடுப்புப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பெண்களாக இருப்பதன் வேர் அந்த ஊழியச் சட்டத்தில் இருக்கிறது.

சீனர்களுக்கும் கட்டாய ஊழியம் இல்லை. பின்னாளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைவரி கட்டினால் போதும் என்றிருந்தது. கட்டியவர் மணிக்கட்டில் ஒரு கயிற்றைச் சுற்றி, முடிச்சின்மேல் முத்திரை பதித்துவிடுவார்கள். அந்த முத்திரை இருந்தால் எங்கும் போகலாம், எதையும் விற்கலாம். நாட்டில் தடையின்றி நடமாட முடிந்த இந்த இரு சாராரும், ஊர்ப் பெண்களும் சீன ஆண்களும், நீரின்மேல் சந்தித்தார்கள், மணமும் செய்துகொண்டார்கள். அம்பவா வீடுகளில் புத்தர் மாடத்துக்குக் கீழே தரையோடு தரையாகச் செந்நிறச் சீனத் தெய்வ மாடமும் இருப்பதைப் பார்க்கலாம்.

1782-இல் பாங்காக் தலைநகரானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வந்த வெளிநாட்டார் பலரும் வியந்து எழுதியது ஆற்றின் இரு கரையிலும் வரிசையாக மிதந்த தெப்ப வீடுகளைத்தான். மூங்கில் கட்டுகளின்மேல் வீடு. முன்பக்கம் திறந்தால் கடை. ஓதத்தோடு ஏறும், ஓதத்தோடு இறங்கும். 1855-இல் பிரிட்டனுடன் பவுரிங் உடன்படிக்கை கையெழுத்தானது. அரச முற்றுரிமை விலகி, அரிசியும் சர்க்கரையும் ஏற்றுமதிப் பண்டங்களாயின. உள்நாட்டு விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர நீர்வழி தேவைப்பட்டது.

அதற்காக வெட்டியவற்றுள் ஒன்று தாம்னன் சதுவாக் கால்வாய். மேக்லோங்கையும் தா சீன் ஆற்றையும் இணைப்பது. நான்காம் ராமர் எனப்படும் மோங்குட் மன்னர் காலத்தில் 1866-இல் தொடங்கி 1868-இல் முடிந்தது. பொறுப்பேற்றவர் புன்னாக் குடும்பத்துப் பெரும் அமைச்சர் சுவாங். அதே காலத்தில் தா சீன் ஆற்றையும் பாங்காக்கையும் இணைக்க பாசி சரோன் கால்வாயும் வெட்டப்பட்டது. அதற்குப் பணம் அபின் வரியிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்தபின் மேக்லோங் கரைத் தேங்காய் இந்தக் கால்வாய்கள் வழியே தலைநகரைச் சேர்ந்தது.

தாம்னன் சதுவாக் கால்வாயின் கரையில் 100 செனுக்கு ஒன்றாகக் கல் நட்டார்கள். சென் என்பது தாய்லாந்து நீட்டலளவை; ஒரு சென் 40 மீட்டர். ஆக 4 கிலோமீட்டருக்கு ஒரு கல். எட்டுக் கற்கள், 32 கிலோமீட்டர். இரண்டாம் கல், மூன்றாம் கல், ஐந்தாம் கல் என்பவை இன்றும் அங்கே ஊர்ப்பெயர்கள். கூலிக்கு வந்த சீனர்கள் பலர் வெட்டி முடித்த கரையிலேயே தங்கிக் காய்கறி போட்டார்கள். பிறகு ஊர்மக்கள் அந்த நேர்கோட்டிலிருந்து இருபுறமும் தாங்களாகவே கிளை வாய்க்கால் இழுத்தார்கள். அவை இருநூறுக்கும் மேல். அரசு வெட்டியது ஒன்று. மக்கள் வெட்டியது இருநூறு. வரலாற்று நூல்களில் அந்த ஒன்றுக்கு ஆண்டும் பெயரும் இருக்கின்றன. சந்தையை உண்டாக்கியது அந்த இருநூறு.

1904-இல் ஐந்தாம் ராமர் சூலலங்கோன், அரச கோலம் இல்லாமல் சிறு படகுகளில் இந்தக் கால்வாய்களில் சுற்றினார். ஒரு குடியானவப் பெண் அவரை அரண்மனைச் சேவகர் என்று நினைத்துச் சோறு போட்டாள்; அவள் மகன்தான் படத்தில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டான். அந்தப் பயணத்தை இளவரசர் தம்ரோங் எழுதிவைத்திருக்கிறார். அரசனையே அடையாளம் தெரியாத அளவுக்கு அந்த நீர்வழிகளில் அந்நியர் வருவதும் உண்பதும் இயல்பாக இருந்தது என்பதே எனக்கு அதில் முக்கியம்.

இனி அம்பவா. இரண்டாம் ராமர் பிறந்த ஊர் அது. அவர் தாய் அமரிந்திரா பாங் சாங் எனப்பட்ட அந்தப் பகுதியின் செல்வக் குடும்பத்தவர். தாய்லாந்து மரபிசையின் பெருங்கலைஞர் லுவாங் பிரதித் பைரோ 1881-இல் பிறந்ததும் அங்கேதான். தோட்டச் செழிப்பும் சந்தைப் பணமும் இருந்த இடத்தில் இசையும் வளர்ந்தது.

ஊரின் கால்வாய் மேக்லோங்கில் சேருமிடத்திலிருந்து உள்ளே, இரு கரையிலும் ஒன்றோடொன்று ஒட்டிய மரவீடுகள். நெடும்பலகைகளை ஒவ்வொன்றாகத் தவாளிப்பிலிருந்து உருவியெடுத்துத் திறக்கும் கடைமுகப்பு. முகப்புக்கு முன்னே நடைபாதை, அதிலிருந்து நீருக்குள் இறங்கும் படிகள். எல்லா முகப்பும் நீரைப் பார்த்தே இருக்கும். அரிசிக்கடை, நகைக்கடை, சீன மருந்துக்கடை, தையற்கடை எல்லாம் கரையில். காய், மீன், விறகு, பானை எல்லாம் படகில். துறவிகள் காலையில் படகில் வந்து பிட்சை ஏற்றார்கள். நூடுல்ஸ் விற்றவர் ஒரே படகில் அடுப்பும் அண்டாவும் வைத்து, தனியாளாகத் துடுப்பும் போட்டார். கைமாற்றும்போது சிந்தாதிருக்கச் சிறு கிண்ணம். இன்று பாங்காக்கின் குளிரூட்டிய உணவகங்களிலும் படகு நூடுல்ஸ் சிறு கிண்ணத்தில்தான் வருகிறது.

சாலை இந்த அமைப்பைக் குலைத்த கதையை நீட்ட வேண்டாம். பாங்காக்கில் 1860-களின் தொடக்கத்தில் சரோன் குருங் சாலை போட்டதிலிருந்து அது தொடங்கியது. மேக்லோங் பகுதிக்கு அடி விழுந்தது 1973-இல், தோன்புரியிலிருந்து பாக் தோ வரை 35-ஆம் எண் நெடுஞ்சாலை திறந்தபோது. சரக்குந்து தோட்டத்து வாசலுக்கே வந்தது. தேங்காய் தரைவழியே போயிற்று. மேலே காஞ்சனபுரியில் அணைகள் எழுந்தன. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் குறைந்தது, உப்பு ஏறும் எல்லையும் நகர்ந்தது. கால்வாய் வாய்களில் மதகுகள் வந்து ஓதத்தையும் படகையும் நிறுத்தின. அம்பவா வீடுகளின் கொல்லைப்புறம் சாலைக்கு முகப்பானது. நீரைப் பார்த்திருந்த பலகைகள் திறக்கப்படாமல் கிடந்தன. சந்தை ஒருநாளில் நின்றுவிடவில்லை. படகுகள் ஒவ்வொன்றாக வராமல் போயின. இளையவர்கள் பாங்காக் போனார்கள்.

இதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. தோன்புரியில் வாட் சாய் கோயிலருகே இருந்த சந்தையைப் பார்க்க 1960-களில் வெளிநாட்டார் திரண்டார்கள். விசைப்படகுகள் பெருகின, அலைக்குத் துடுப்புப் படகுகள் நிற்க முடியவில்லை. அந்தச் சந்தை தேய்ந்தபோது சுற்றுலாத் துறை அடுத்த இடமாகக் கைகாட்டியது தாம்னன் சதுவாக்கை. பழைய சந்தை கூடிய லாட் பிலீ கால்வாயிலிருந்து, பேருந்து வந்து நிற்க வசதியுள்ள இடத்துக்குச் சந்தை நகர்ந்தது. வாங்குபவர் மாறினார், பண்டமும் மாறியது. வெங்காயம் வாங்கப் பாங்காக்கிலிருந்து விமானப் பயணி வருவதில்லை. இன்று அங்கே நடப்பதில் பெரும்பகுதி, படகில் உட்கார்ந்து செய்யும் நினைவுப்பொருள் வியாபாரம். அதைச் செய்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. விசைப்படகு வாட் சாயில் செய்ததை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அம்பவா வேறு வழியில் மீண்டது. சூலலங்கோன் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையினர் மரவீடுகளை அளந்து, வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, சில வீடுகளைச் செப்பனிட்டுக் காட்டினார்கள். ஊர்க்காரர் ஒருவர் தம் நிலத்தையும் வரிசை வீடுகளையும் சைபட்டனா அறக்கட்டளைக்குக் கொடையளித்தார்; அங்கே தோட்டமும் மரபுக் காட்சியகமும் உருவாயின. 2004-இல் நகராட்சி மாலைச் சந்தையைத் தொடங்கியது. வெள்ளி, சனி, ஞாயிறு. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளில் அம்பவா கால்வாய்க் குடியிருப்புக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. வெளியூர் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து பாட்டியின் வீட்டில் கடை திறந்தார்கள். இது சிறிய செய்தி இல்லை.

ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு யாருடைய கணக்கு? அலுவலகம் முடித்து வரும் பாங்காக் குடும்பத்தின் கணக்கு. அவர்கள் வரும் மாலையில் ஓதம் எந்த நிலையில் இருந்தாலும் சந்தை நடந்தாக வேண்டும். நீர் இறங்கிய வேளையில் படகிலிருப்பவர் தலை, படிக்கட்டில் அமர்ந்து உண்பவர் காலுக்கும் கீழே இருக்கும். பொரித்த கணவாயைக் கை உயர்த்தித் தருவார். சந்தை அங்கே உணவுக்கூடமாகிவிட்டது. தோட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு மெல்லிய நூலாகவே மிஞ்சியிருக்கிறது.

இரவில் மின்மினி பார்க்கப் படகுச் சவாரி. லம்பு என்ற கழிமுக மரங்களில் ஆயிரக்கணக்கில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும். தொடக்கத்தில் துடுப்புப் படகில் சிலர் வந்து பார்த்தார்கள். பிறகு இரைச்சலோடு விசைப்படகுகள் நள்ளிரவு வரை ஓடின. கரை அரிக்கப்பட்டது, கரையோரத்தாரின் உறக்கம் கெட்டது. படகு வராதிருக்கட்டும் என்று சிலர் தங்கள் வாசல் லம்பு மரங்களையே வெட்டினார்கள் என்று செய்தி வந்தபோது நான் மிகவும் கலங்கினேன். தன் வீட்டு மரத்தைத் தன் கையால் வெட்டும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுகிற சுற்றுலாவை வளர்ச்சி என்று அழைக்க என்னால் முடியாது.

அம்பவாவுக்கு வெளியே ஒரு வெல்லக் கொட்டிலில் நின்ற காலை நேரம் என் ஆய்வுக்குத் திசை கொடுத்தது. தென்னையில் ஏறியவர் மூங்கில் குழாய்களில் பதநீரோடு இறங்கினார். நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதுபோல, அவர்கள் புளிக்காதிருக்கக் குழாயின் அடியில் பயோம் என்ற மரத்தின் சீவலைப் போட்டு வைக்கிறார்கள். நீண்ட செங்கல் அடுப்பில் வரிசையாகப் பெரிய வாணலிகள். பதநீர் பொங்கி வழியாதிருக்க ஒவ்வொன்றின்மேலும் பிரம்புக் கூடையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். பாகு இறுகும் பதத்தில் இறக்கி, கம்பிச் சுருளால் இடைவிடாமல் அடித்துக் கெட்டியாக்கி, கிண்ணத்தில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். மரமேற ஆள் கிடைப்பதில்லை என்றார் கொட்டில்காரப் பெண்மணி. வெள்ளைச் சர்க்கரை கலந்த மலிவு வெல்லத்தோடு போட்டிபோட முடியவில்லை. பக்கத்துத் தோட்டம் விடுதி கட்ட விற்றுப்போய், வாங்கியவர்கள் அகழியைத் தூர்த்துவிட்டார்கள். அதனால் இவர் அகழிக்கும் இப்போது ஓதம் சரியாக ஏறுவதில்லை.

அவர் கடைசியாகச் சொன்னதுதான் சந்தையின் இன்றைய வரலாறு என்று எனக்குப் பட்டது. தா காவில் பிறைநாள் சந்தையோடு இப்போது சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது. அதை நான் எதிர்க்கவில்லை. இரண்டு நாட்கணக்கும் ஒரே கால்வாயில் இருக்க முடியும். ஆனால் பிறைநாளில் வரும் படகு தோட்டத்திலிருந்து வருகிறது. அகழி அடைபட்டால் அந்தப் படகுக்குப் புறப்பட வழியில்லை. முகப்புப் பலகைக்கு விருது கொடுக்கும் நாம் அகழிக்கு ஒரு பதிவேடுகூட வைக்கவில்லை. தாம்னன் சதுவாக்கின் இருநூறு கிளை வாய்க்கால்களில் எத்தனையில் இன்று ஓதம் ஏறுகிறது, எந்த மதகு எந்த நாளில் திறக்கிறது, அதை முடிவு செய்யும் கூட்டத்தில் படகுக்காரப் பெண் ஒருத்தியாவது உட்கார்கிறாளா? தென்கிழக்காசிய வரலாற்றில் ஆய்வு செய்ய முன்வரும் மாணவர்களிடம் இந்தக் கேள்விகளை ஒப்படைக்கிறேன். ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் அந்த வாய்க்கால்களுக்குப் போங்கள். துடுப்புப் படகில், பிறைநாளில் போங்கள்.